உச்சியில் வைத்த பஞ்சு

குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் கனகவல்லியைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. டாக்டருக்கும் நர்சுக்கும் லிப்ட் இயக்குகிறவனுக்கும் அவள் மௌசிதான். புனே ஆஸ்பத்திரிகளில் குளிப்பாட்டி, துடைத்து, மலச்சட்டி எடுக்கிற எல்லாப் பெண்களுக்கும் அந்த ஒரே பெயர். மராட்டியில் சித்தி என்று அர்த்தம். எந்த ஊரில் சித்தியை இப்படி விரட்டி வேலை வாங்குகிறார்கள் என்று அவள் வீட்டில் கேட்பாள். புருஷன் அருணாச்சலம் கட்கி பஜாரில் இட்லி வண்டி போட்டிருந்தான். மறுநாளைக்கு மாவு கரைத்துக்கொண்டே, "டாக்டரம்மா இன்னிக்கி எத்தினி பேர பொழைக்க வச்சீங்கோ?" என்பான். கேலிதான். ஆனால் அந்தக் கேலியில் ஒரு சொட்டு மரியாதை இருப்பதாக அவளுக்குத் தோன்றும். அதற்காகவே அன்றைக்கு நடந்ததை விலாவாரியாகச் சொல்வாள்.

அவள் அப்பா வாணியம்பாடியிலிருந்து வந்து வெடிமருந்துத் தொழிற்சாலையில் மூட்டை தூக்கியவர். போபோடி சந்தில்தான் பிறந்தாள், அதே சந்தில் நாலு வீடு தள்ளி வாழ்க்கைப்பட்டாள். பிள்ளை இல்லை. மராட்டிப் பள்ளிக்கூடத்தில் ஏழாவது வரைக்கும் போனாள். ஆஸ்பத்திரியில் முதலில் ஓ.பி. வராந்தா கூட்டினாள், பிறகு பொது வார்டு. கண்ணாடிக் கதவுக்கு உள்ளே, செருப்பை மாற்றிக்கொண்டு நுழைகிற இந்தப் பிரிவுக்கு வர அவளுக்குப் பல வருஷம் ஆயிற்று. காண்ட்ராக்ட் வேலைதான். ஆனாலும் அந்தக் கதவைத் தோளால் தள்ளி உள்ளே போகும்போது முதுகு தானாக நிமிரும்.

சஹானா வந்தது ஒரு புதன்கிழமை. ஆறு வயது. பாணேரில் அடுக்குமாடி வீடு. அப்பா கௌஷிக் ஹிஞ்சேவாடியில் பெரிய கம்பெனியில் இருந்தான், அம்மா ப்ரீதியும் அப்படியே. தாத்தா காலத்தில் கும்பகோணத்திலிருந்து வந்த குடும்பம். காய்ச்சல் மூளைக்கு ஏறி, பள்ளிக்கூட வேனிலேயே வலிப்பு வந்து, வழியெல்லாம் வலிப்பு நிற்காமலே வந்து சேர்ந்தது குழந்தை. ஊசி போட்டார்கள், இன்னொரு ஊசி போட்டார்கள், கடைசியில் தூங்கவைத்து, தொண்டையில் குழாய் இறக்கி, மெஷினால் மூச்சு விடவைத்தார்கள். அப்புறமும் வலது கட்டைவிரல் மட்டும் துடித்தது. யாரோ கண்ணுக்குத் தெரியாத நூலைச் சுண்டிச் சுண்டி விடுவதுபோல.

பெரிய டாக்டரம்மா பெற்றவர்களை உட்காரவைத்து இந்தியில் விஷயத்தை உடைத்துச் சொன்னாள். வலிப்பை நிறுத்தியாகவேண்டும். மருந்து கொடுத்திருப்பதால் உடம்பு சும்மா கிடக்கும், ஆனால் மூளைக்குள் வலிப்பு ஓடிக்கொண்டே இருக்கலாம், வெளியே தெரியாது. தலையில் ஒயர் ஒட்டி, திரையில் கோடுகளைப் பார்த்தால்தான் தெரியும். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் மருந்தை ஏற்றி இறக்கவேண்டும். கண்ணில் படாமல் ஓடிவிட்டால் குழந்தை பிழைக்கும், ஆனால் நீங்கள் வேனில் ஏற்றிவிட்ட குழந்தை திரும்பி வராது. ப்ரீதி தலையை ஆட்டினாள். பக்கத்துக் கட்டிலுக்கு விரிப்பு மாற்றிக்கொண்டிருந்த கனகவல்லியும் கேட்டாள். இரண்டு பேரும் ஒரே வார்த்தைகளைத்தான் கேட்டார்கள்.

ஒயர் ஒட்டவந்தவன் ஸ்டீபன். கட்கிக்காரன், இந்திதான் பேசுவான். குழந்தையின் தலையைத் தொட்டுப் பார்த்து முகத்தைச் சுளித்தான். மெட்ராஸ்காரப் பிள்ளை என்று பெயரைக் கேட்காமலே சொல்லிவிடுவேன், தலையில் இத்தனை எண்ணெயா, ஒயர் எப்படி ஒட்டும் என்று சிரித்துக்கொண்டே கனகவல்லியிடம் வெந்நீரும் ஷாம்பூவும் கேட்டான். இரண்டு பேருமாக அலசினார்கள். அவன் ஒவ்வொரு இடமாகத் தேய்த்து, பசை வைத்து, ஒயரை ஒட்டி, மேலே வலைத்துணித் தொப்பி போட்டுக் கட்டினான். திரையில் கோடுகள் எழுந்தன. இனிமேல் பூகம்பம் வந்தாலும் அசையாது என்று அவன் தட்டிக் காட்டியது கனகவல்லியின் மனதில் நன்றாகப் பதிந்துவிட்டது.

ப்ரீதி பகல் முழுக்கக் கட்டிலருகே நாற்காலியில் இருந்தாள். டாக்டர்களிடம் இங்கிலீஷில் கேள்வி கேட்பாள், போனில் தேடுவாள், மறுபடி கேட்பாள். கனகவல்லி குழந்தையைப் புரட்டிப்போடும்போது தன்னையறியாமல், "வலிக்குதாடி ராஜாத்தி, தோ ஆய்டிச்சி" என்று சொல்லிவிட்டாள். ப்ரீதி நிமிர்ந்து பார்த்தாள். அன்றைக்குத்தான் அழுதாள். அதற்கப்புறம் டாக்டரிடம் கேட்டதையே கனகவல்லியிடமும் கேட்கத் தொடங்கினாள். காண்டீனிலிருந்து காபி வாங்கிவந்து கொடுப்பாள். அக்கா என்று கூப்பிட்டாள். அந்தக் கண்ணாடிக் கதவுக்கு உள்ளே அவளை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

அந்த ருசியில்தான் கனகவல்லி வாயைத் திறந்தாள்.

அவள் தம்பி தினேஷுக்குச் சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் வலிப்பு வரும். கண் சொருகி, கை கால் இழுத்துக்கொள்ளும். அம்மா உச்சியில் விளக்கெண்ணெய் வைப்பாள். கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும். எண்ணெய் வைக்காமலே நின்றிருக்கும் என்பது அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. தினேஷ் இப்போது தாபோடியில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான், மூன்று பிள்ளைக்கு அப்பன். எல்லாம் சூட்டினால் வருவது, இவ்வளவு மருந்து ஏற்றினால் இன்னும் சூடுதானே ஏறும் என்று கனகவல்லி சொன்னாள். ப்ரீதி தம்பியின் வலிப்பைப் பற்றி இரண்டு தடவை திருப்பிக் கேட்டாள்.

சனிக்கிழமை மத்தியானம் ப்ரீதியின் கைப்பையில் ஒரு சின்ன பாட்டில் இருந்தது. கும்பகோணத்துப் பெரியம்மா இருந்தால் இதைத்தான் செய்திருப்பாள், தப்பில்லையே என்று கேட்டாள். ஒயர் இருக்கிறதே என்றும் அவளேதான் கேட்டாள். அதெல்லாம் ஒட்டியாயிற்று, ஒட்டுவதற்கு முன்னால்தான் எண்ணெய் ஆகாது என்றாள் கனகவல்லி. வருஷக்கணக்காகப் பார்த்தவள் என்கிற தோரணை அந்தக் குரலில் இருந்தது.

உடம்பு துடைக்கிற நேரத்தில் கட்டிலைச் சுற்றித் துணித்திரையை இழுத்துவிடுவது வழக்கம். அன்றைக்கும் இழுத்தாள். ப்ரீதி பஞ்சை எண்ணெயில் நனைத்துக் கொடுத்தாள். கனகவல்லி வலைத்துணியை லேசாகத் தூக்கி, ஒயர் எதிலும் படாமல், உச்சிக் குழியில் பஞ்சை வைத்து மூடினாள். குழந்தைக்குத் தலை கொதித்தது. "ஒண்ணுமில்ல கண்ணு, குளுந்துடும்" என்றாள். வேலையை நறுவிசாகச் செய்த திருப்தியோடு அன்றைக்கு வீட்டுக்குப் போனாள். அருணாச்சலத்திடம் சொல்லவும் சொன்னாள். அவன் இட்லித் தட்டைக் கழுவிக்கொண்டே, "அப்ப கவுர்மெண்ட்டுல சொல்லி உனுக்கு தனி ஆஸ்பத்திரி கட்டச் சொல்லணும்" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கட்டைவிரல் நின்றிருந்தது.

ப்ரீதி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு காட்டினாள். இரண்டு பேரும் அந்த விரலையே பார்த்தார்கள். ஒரு துடிப்பும் இல்லை. இமை அசையவில்லை. வாய் ஓரம் இழுக்கவில்லை. குழந்தை படத்தில் தூங்குகிற குழந்தை மாதிரி தூங்கியது. கௌஷிக் வந்து பார்த்துவிட்டு, நாலு நாளைக்கு அப்புறம் முதல்முறையாகச் சட்டையை மாற்றிக்கொண்டு வரப் போனான்.

ஆனால் திரை கெட்டிருந்தது. கோடுகளுக்குப் பதில் கறுப்பாகத் தடித்த கிறுக்கல். உச்சியில் வைத்த எண்ணெய் காய்ச்சல் சூட்டில் இளகி, மயிர்க்காலோடு வழிந்து, ஒயர் ஒயராகப் பசையை நனைத்திருந்தது. நர்ஸ் ஒயர் விட்டுப்போச்சு என்றாள். ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் வருகிற சின்ன டாக்டர் ஸ்டீபனுக்குப் போன் போட்டான். அவன் லோணாவளாவில் ஒரு ஞானஸ்நான விருந்தில் இருந்தான், நாளைக் காலையில் வருகிறேன் என்றான். சின்ன டாக்டர் குழந்தையின் கையைப் பார்த்தான். துடிப்பு இல்லை. கண்ணைத் திறந்து டார்ச் அடித்தான். சரி, தூக்க மருந்து பிடித்துவிட்டது என்று சொல்லி, விடாமல் கத்திக்கொண்டிருந்த, ஒயர் மாட்டிய அந்தப் பெட்டியின் சத்தத்தை அணைத்துவிட்டுப் போனான்.

கனகவல்லி மாப் பக்கெட்டை வைத்துவிட்டு ப்ரீதியின் பக்கத்தில் போய்க் குனிந்தாள்.

"எண்ணெயாலதான் விட்டுப்போச்சின்னு நெனைக்கிறேன்மா. எடுத்துரட்டா? டாக்டர்கிட்ட சொல்லிரலாமா?"

ப்ரீதி குழந்தையின் விரலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நின்னுடுத்து அக்கா. நாலு நாளா நிக்காதது நின்னுடுத்து. இப்ப சொன்னா எடுத்துடுவா. எடுத்தா மறுபடி வந்துடும்."

"பெரிய டாக்டரம்மா சொன்னாங்களே…"

"நீங்கதானே சொன்னேள், உங்க தம்பிக்கு நின்னுதுன்னு?"

கனகவல்லி நிமிர்ந்தாள். சொன்னவள் அவள்தானே. இப்போது இல்லை என்றால் தம்பியும் பொய், அம்மாவும் பொய், அவளும் பொய். போதாததற்கு விரலும் நின்றிருக்கிறது. பார்த்தால் பொய்யாகத் தெரியவில்லை. அவள் பக்கெட்டை எடுத்துக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள். அன்றைக்கு முழுக்க அந்தப் பிரிவில் அமைதியாக இருந்தது அந்த ஒரு கட்டில்தான். ப்ரீதி நாற்காலியிலேயே கொஞ்சம் தூங்கினாள்.

திங்கட்கிழமை ஸ்டீபன் தொப்பியைக் கழற்றினான். ஒயர்கள் தலைமுடியோடு வழுக்கிக்கொண்டு கையில் வந்தன. நடுவில் மஞ்சளாக ஒரு பஞ்சு. அவன் அதை விரல் நுனியில் எடுத்து மோந்து பார்த்தான், அப்புறம் கனகவல்லியைப் பார்த்தான். குழந்தையின் தலையை அலசி, துடைத்து, மறுபடி ஒவ்வொன்றாக ஒட்டினான். பெட்டியின் ஸ்விட்சைப் போட்டான்.

திரை முழுக்கக் கோடுகள் செங்குத்தாக எழுந்து விழுந்தன. எழுந்து விழுந்தன. கட்டிலில் குழந்தை அசையாமல் கிடந்தது. விரல் நேராக, சாந்தமாக இருந்தது. பெரிய டாக்டரம்மா ஓடிவந்தாள். நர்சுகளுக்கு மருந்துகளின் பெயரை மட்டும் உரக்கச் சொன்னாள். மூளையையே மயக்கத்தில் ஆழ்த்துகிற மருந்தை ஏற்றினார்கள். வெகு நேரம் கழித்து, மிக மெதுவாக, கோடுகள் தாழ்ந்தன. டாக்டரம்மா கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னாள், வலிப்பு நின்றதால் விரல் நிற்கவில்லை, ஓடி ஓடி உடம்புதான் களைத்துப்போய் விரலை விட்டுவிட்டது, உள்ளே நேற்றெல்லாம் ஓடியிருக்கிறது.

பிறகு பஞ்சைக் காட்டி, யார் வேலை இது என்று கேட்டாள். முதலில் மராட்டியில், பிறகு இங்கிலீஷில்.

கட்டிலின் இந்தப் பக்கம் கனகவல்லி, அந்தப் பக்கம் ப்ரீதி, பின்னால் கௌஷிக். கனகவல்லி ப்ரீதியைப் பார்த்தாள். அதிகம் படித்தவள், சொல்லத் தெரிந்தவள், இரண்டு பேருக்குமாகச் சேர்த்து ஏதாவது சொல்லுவாள் என்று பார்த்தாள்.

ப்ரீதி இங்கிலீஷில் பேசினாள். கனகவல்லிக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் அந்தப் பேச்சில் மௌசி என்ற வார்த்தை வந்தது. ஒரு தடவை, கொஞ்சம் தள்ளி இன்னொரு தடவை. அக்கா என்ற வார்த்தை வரவில்லை.

"நீ சொல்லும்மா," என்றாள் கனகவல்லி தமிழில். "பாட்டில் உன் பையில தானே இருந்திச்சி."

ப்ரீதி கௌஷிக்கின் பக்கம் திரும்பிக்கொண்டாள். டாக்டரம்மா, என்ன சொல்கிறாள் இவள் என்று கேட்டாள். அந்த இடத்தில் தமிழ் தெரிந்தவர்கள் இன்னும் இரண்டே பேர். இரண்டு பேரும் மொழிபெயர்க்கவில்லை. கனகவல்லி மராட்டியில் சொல்ல ஆரம்பித்தாள். அதற்குள் கௌஷிக் குரலை உயர்த்தி, வக்கீல் என்றான், போலீஸ் என்றான். அவள் சொன்னது அந்தச் சத்தத்துக்கு அடியில் எங்கேயோ போயிற்று.

யோசித்துப் பார்த்தால் அது எல்லோருக்கும் சௌகரியமாகவே அமைந்தது. பெட்டியின் வாயை அடைத்துவிட்டுப் போன சின்ன டாக்டரைப் பற்றி யாரும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒயர் ஒட்ட ஆள் வைக்காத ஆஸ்பத்திரியைப் பற்றியும் கேட்கவில்லை. படிக்காத பெண், பாட்டி வைத்தியம், சொன்னால் யாருக்கும் புரியும். மத்தியானத்துக்குள் காண்ட்ராக்டர் போன் பண்ணி, அடையாள அட்டையை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னான். அன்றைக்கு ராத்திரி அருணாச்சலம் டாக்டரம்மா என்று கூப்பிடவில்லை. அதற்கப்புறம் ஒருநாளும் கூப்பிடவில்லை.

அவள் புருஷனின் இட்லி வண்டியில் சட்னி ஊற்றினாள். ஆஸ்பத்திரிப் பக்கம் வேறெங்கும் அவளை வேலைக்கு எடுக்கவில்லை. காண்ட்ராக்டர்களுக்குள் போன் இருக்கிறது. கட்கியில் யாராவது ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவர்கள் என்று தெரிந்தால், ஆறு வயசுப் பிள்ளை ஒன்று என்ன ஆயிற்று என்று கேட்பாள். யாருக்கும் தெரியவில்லை.

மழை முடிந்த சமயம், பஜார் முனையில் ஒரு பெரிய கார் உள்ளே வரமுடியாமல் நின்றது. கௌஷிக் இறங்கி நடந்து வந்தான். ஆள் பாதியாகியிருந்தான். வண்டிக்கு எதிரே நின்றுகொண்டு, சஹானா வீட்டுக்கு வந்துவிட்டாள், பகலில் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றான். ஏஜென்சிப் பெண்கள் வந்து வந்து போய்விடுகிறார்களாம். ப்ரீதி உன்னைத்தான் கேட்கிறாள் என்றான். அருணாச்சலம் கரண்டியை வைத்துவிட்டு அவனைப் பார்த்தான். "எந்த மூஞ்ச வச்சிக்கினு சார் வந்தீங்கோ?" என்று கேட்டான்.  கனகவல்லி கையைத் துடைத்துக்கொண்டாள். குழந்தையைப் பார்க்கவேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. அவ்வளவுதான் தோன்றியது. அது போதுமானதாக இருந்தது.

சஹானா கட்டிலில் இருந்தாள். முடி வளர்ந்திருந்தது. கண் திறந்திருந்தது, எதையும் பார்க்கவில்லை. மூக்கில் சாப்பாட்டுக் குழாய். கை இரண்டும் மார்போடு மடங்கி, விரித்தால் விரியாது. தினமும் வலிப்பு வந்தது. சில நாள் கை கால் இழுக்கும், சில நாள் கண் மட்டும் ஒரு மூலைக்குப் போய் நிற்கும். அப்போது ஒருக்களித்துப் போட்டு மூக்கில் மருந்து பீய்ச்சவேண்டும். ப்ரீதி செய்து காட்டினாள். நீ என்றுதான் பேசினாள்.

"பாத்துண்டே இருக்கணும். கண்ண எடுக்கக் கூடாது. அங்க கேமரா இருக்கு, நான் ஆபீஸ்லேர்ந்து பாப்பேன்."

கனகவல்லி பார்த்துக்கொண்டே இருந்தாள். காலையில் வந்ததும் வாயைத் துடைத்து, குழாயில் கஞ்சி விட்டு, புரட்டிப்போட்டு, கட்டிலருகே உட்கார்ந்து அந்தக் கண்களையே பார்ப்பாள். ராஜாத்தி என்று கூப்பிட வாய் வரவில்லை. நடந்ததைப் பற்றி அந்த வீட்டில் ஒரு வார்த்தை கிடையாது. ப்ரீதி திட்டுவதுகூட இல்லை. ஒருநாள் திட்டினால் நன்றாக இருக்கும் என்று கனகவல்லிக்குத் தோன்றும்.

தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை ப்ரீதியின் ஆபீஸ் பெண்கள் மூன்று பேர் இனிப்புப் பெட்டியோடு வந்தார்கள். இந்தியில் பேசினார்கள். குழந்தையைப் பார்த்து உதட்டைக் கடித்தார்கள். ஒருத்தி, பார்த்துக்கொள்கிற பெண் நம்பிக்கையானவளா என்று மெல்லக் கேட்டாள்.

ப்ரீதி தாழ்ந்த குரலில், ஆனால் இந்தியிலேயே சொன்னாள். ஆஸ்பத்திரியில் குழந்தைக்கு இப்படிப் பண்ணினவளே இவள்தான். வேலை போய்த் தெருவில் நின்றாள். எங்களுக்கு மனசு கேட்கவில்லை. மன்னித்துக் கூப்பிட்டு வேலை கொடுத்திருக்கிறோம்.

மூன்று பேரும் ப்ரீதியின் தோளைத் தொட்டார்கள். ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எல்லோராலும் முடியாது ப்ரீதி என்றாள்.

கனகவல்லி எழுந்தாள். இந்தி அவளுக்கு நன்றாக வரும். பாட்டில் யாருடைய பையில் இருந்தது, ஞாயிற்றுக்கிழமை எடுக்கவேண்டாம் என்றது யார், எல்லாவற்றையும் இந்தியில் சொல்ல அவளிடம் வார்த்தை இருந்தது. வாயைத் திறந்தாள். அப்போது சஹானாவின் கண் ஒரு மூலைக்குப் போய் நின்றது. கன்னம் வெட்டியது. கனகவல்லி குழந்தையை ஒருக்களித்துப் போட்டு, தலையைத் தாங்கி, மருந்தை மூக்கில் பீய்ச்சினாள். கன்னம் அடங்கியது. உதட்டின் நீலம் மாறுகிறவரைக்கும், கண் தானாக நடுவுக்கு வருகிறவரைக்கும் காத்திருந்தாள். அடங்கியது என்று நம்பிவிடக் கூடாது என்பதால் மேலும் காத்திருந்தாள். நிமிர்ந்தபோது வந்தவர்கள் செருப்பைப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

கதவைச் சாத்திவிட்டு ப்ரீதி சமையலறைக்குப் போனாள். கனகவல்லி பின்னாலேயே போய் வாசற்படியில் நின்றாள். அங்கே கேமரா கிடையாது.

"திங்கக்கெழமலேர்ந்து நான் வரல."

ப்ரீதி டீ கோப்பைகளைத் தொட்டியில் போட்டாள். குழாயைத் திறந்தாள், உடனே மூடினாள். திரும்பியபோது முகத்தில் கோபம் ஏதும் இல்லை.

"ரெண்டு பேரும்தானே வெச்சோம்," என்றாள். "பஞ்ச நான் நனைச்சுக் குடுத்தேன். எடுத்துடலாம்னு நீ சொன்னே, நான் வேண்டாம்னேன். எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு."

கனகவல்லி வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்தாள். இத்தனை மாதம் அவள் கேட்கக் காத்திருந்த வார்த்தைகள் அவை.

"அத அவங்க முன்னால சொல்லேன்மா. உன் வூட்டுக்காரர்கிட்டயாவது சொல்லு."

"மாட்டேன். அன்னிக்கு நீ சொன்னத கௌஷிக் நம்பல. நானே சொன்னா என்ன விட்டுட்டுப் போயிடுவான்." ப்ரீதி கையைத் துண்டில் துடைத்தாள். "நான் இவளப் பெத்தவ, எனக்கு வேற வழியில்ல. நீ மட்டும் எப்படிப் போவே? போய் இட்லி வித்துண்டு, நிம்மதியா இருப்பியா? அப்படி விடறதுக்கா உன்ன இங்க கூப்பிட்டேன்?"

உள்ளே சஹானா தொண்டையில் சளி கட்டிக் கரகரத்தாள்.

"போய்ப் பாரு," என்றாள் ப்ரீதி.

கனகவல்லி போனாள். சளியை உறிஞ்சி எடுத்து, வாயைத் துடைத்தாள். சாயங்காலம் வரைக்கும் இருந்தாள். வீட்டுக்குப் போய் அருணாச்சலத்திடம் ஒன்றும் சொல்லவில்லை. 

திங்கட்கிழமை காலை பாணேர் பஸ்ஸில் அவளுக்கு ஜன்னலோரம் உட்கார இடம் கிடைத்தது.